பேரரசுக்கும் குடியரசுக்கும் இடையில்: மோஹோக் தலைவர் ஜோசப் பிராண்ட்

அமெரிக்கச் சுதந்திரப் போரின் வரலாறு பெரும்பாலும் வென்றவர்களின் பக்கம் நின்றே எழுதப்பட்டு வந்துள்ளது. பதின்மூன்று குடியேற்றங்கள் பிரித்தானிய முடியாட்சியை எதிர்த்து விடுதலை பெற்றன என்பது உலகறிந்த செய்தி. அதே போரில் தமது தாயகத்தை இழந்தவர்கள் யார் என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகின்றது. இன்றைய நியூயோர்க் மாநிலத்தின் பெரும்பகுதியில் வாழ்ந்து வந்த ஆறு தேசங்களின் கூட்டமைப்பு அப்போரிலேயே பிளவுண்டு சிதறியது. அச்சிதைவின் நடுவே நின்று தம் மக்களுக்கென ஒரு நிலத்தைத் தேடிப் பெற்றவர் ஜோசப் பிராண்ட். மோஹோக் மொழியில் அவரது பெயர் தயெண்டனேகியா.

மோஹோக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெகா ஆகிய ஐந்து தேசங்கள் சேர்ந்து அமைத்த ஒன்றியத்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் டஸ்கரோரா மக்களும் இணைந்தனர். ஐரோப்பியர் இவர்களை இரோக்குவாய் என அழைத்தனர். அவர்களோ தம்மை ஹோடினோஷோனி, அதாவது நீள்வீட்டு மக்கள் என்றே கூறிக்கொள்கின்றனர். ஒரே கூரையின் கீழ்ப் பல குடும்பங்கள் வாழும் நீண்ட வீடே அவர்களது அரசியலுக்கும் உருவகமாயிற்று. குலவழி தாய்வழியே கணிக்கப்பட்டது. தலைவர்களைத் தெரிவு செய்யவும் தவறியவரை நீக்கவும் குலத்தாய்மார்களுக்கு உரிமை இருந்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வட அமெரிக்காவுக்காகப் போட்டியிட்ட காலமெங்கும் இருதரப்பாரும் இக்கூட்டமைப்பின் நட்பை நாடி நின்றமைக்கு அதன் படைவலிமையும் அது அமைந்திருந்த இடமும் காரணங்களாயின.

பிராண்ட் 1743 ஆம் ஆண்டு ஒகாயோ நிலப்பரப்பில் பிறந்தார். தந்தை இளமையிலேயே இறந்துவிடத் தாயார் மோஹோக் ஆற்றங்கரையிலுள்ள கனஜோஹாரி என்ற ஊருக்குத் திரும்பினார். பிராண்டின் வாழ்க்கையைத் திசைதிருப்பியவர் அவரது மூத்த சகோதரி மோலி பிராண்ட் ஆவார். வட பகுதிப் பூர்வகுடிகள் விவகாரங்களுக்குப் பொறுப்பாகப் பிரித்தானிய முடி நியமித்திருந்த சேர் வில்லியம் ஜோன்சனின் வாழ்க்கைத் துணையாக விளங்கிய மோலி, தம் மக்களிடையே பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தார். இந்த உறவின் பயனாக ஜோன்சனின் அரவணைப்பு தம்பிக்குக் கிட்டியது. பதினைந்தாவது வயதிலேயே பிரெஞ்சுக்காரருக்கு எதிரான படையெடுப்பில் பிராண்ட் பங்குகொண்டார். 1761 இல் கொனெக்டிகட்டில் எலியசர் வீலொக் நடத்திய பாடசாலைக்கு அனுப்பப்பட்டு, இரண்டு ஆண்டுகள் ஆங்கிலமும் எழுத்தும் கற்றார். இரு உலகங்களின் மொழியையும் வழக்கத்தையும் அறிந்த மொழிபெயர்ப்பாளராக அவர் பின்னர் உயர்ந்தமைக்கு இக்கல்வியே அடிப்படை.

1763 இல் மன்னர் மூன்றாம் ஜோர்ஜ் வெளியிட்ட பிரகடனம் அப்பலாச்சிய மலைகளுக்கு மேற்கே குடியேற்றங்களைத் தடைசெய்தது. எனினும் நிலவேட்கை கொண்ட குடியேறிகளை அக்கோடு தடுத்து நிறுத்தவில்லை. 1768 இல் ஸ்ரான்விக்ஸ் கோட்டையில் செய்யப்பட்ட உடன்படிக்கை கோட்டை மேலும் மேற்கே தள்ளியது. 1774 இல் ஜோன்சன் இறந்தார். அடுத்த ஆண்டு போர் வெடித்தபோது, தம் மக்களின் நிலத்தைப் பறிக்கத் துடிப்பவர்கள் குடியேறிகளே என்பதும், அவர்களைக் கட்டுப்படுத்தும் வலு இலண்டனுக்கே உண்டு என்பதும் பிராண்டின் கணிப்பாக இருந்தன. 1775 இன் இறுதியில் அவர் கடல் கடந்து இலண்டன் சென்றார். அரசரைச் சந்தித்தார். ஓவியர் ஜோர்ஜ் ரொம்னி அவரது உருவப்படத்தைத் தீட்டினார். மோஹோக் மக்களின் நிலக்குறைகளை அமைச்சர் ஜேர்மெய்னிடம் எடுத்துரைத்து, போர் முடிந்ததும் அவை தீர்க்கப்படும் என்ற உறுதிமொழியுடன் திரும்பினார்.

ஆனால் கூட்டமைப்பு முழுவதும் அவரது கணிப்பை ஏற்கவில்லை. போரில் நடுநிலை காக்கவே முதலில் அது விரும்பியது. 1777 இன் தொடக்கத்தில் ஒனொண்டாகாவில் நோய் பரவித் தலைவர்கள் சிலர் மடிந்தபோது கூட்டமைப்பின் சபைத்தீ அணைக்கப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் 6 இல் ஒரிஸ்கனியில் நிகழ்ந்த சமரில் ஒனைடா வீரர்கள் புரட்சியாளர் பக்கத்திலும், மோஹோக், செனெகா வீரர்கள் பிரித்தானியர் பக்கத்திலும் நின்று ஒருவரையொருவர் கொன்றனர். பேரமைதியின் சட்டத்தால் பிணைக்கப்பட்டிருந்த சகோதரர்களிடையே இரத்தம் சிந்தப்பட்டது. ஹோடினோஷோனி வரலாற்றில் இதைவிடத் துயரமான நாள் வேறில்லை எனலாம்.

எல்லைப்புறப் போரில் பிராண்டின் பெயர் அச்சத்துக்குரியதாயிற்று. 1778 நவம்பரில் செரி வலி என்ற குடியேற்றத்தின் மீது நடத்தப்பட்ட தாக்குதலில் போர் புரியாத பொதுமக்கள் முப்பது பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். அங்கு கட்டளையிட்டவர் வோல்ரர் பட்லர் ஆவார். பிராண்ட் சிலரைக் காப்பாற்ற முயன்றார் என்பது பதிவாகியுள்ளது. ஆயினும் அப்படையில் அவர் இருந்தார் என்ற உண்மையை அது அழித்துவிடாது. மறுபுறம், அவர் பங்குகொள்ளாத வயோமிங் படுகொலையும் அவர் தலையிலேயே சுமத்தப்பட்டது. 1809 இல் வெளியான தோமஸ் கம்பெலின் கவிதை நூல் அவரைக் கொடியவராகச் சித்திரித்தது. பிற்காலத்தில் அவரது மகன் ஜோன் பிராண்ட் இலண்டன் சென்று சான்றுகளைக் காட்டியபின், கவிஞர் தமது தவறை ஏற்றுக்கொண்டார்.

1779 இல் ஜோர்ஜ் வொஷிங்டனின் கட்டளைப்படி ஜெனரல் ஜோன் சலிவன் தலைமையிலான படை ஆறு தேசங்களின் நாட்டுக்குள் புகுந்தது. சுமார் 40 ஊர்கள் எரிக்கப்பட்டன. அறுவடைக்குத் தயாராக நின்ற சோளமும் பழத்தோட்டங்களும் அழிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் நயாகரா கோட்டையின் மதில்களைச் சுற்றி அகதிகளாகக் குவிந்து, கடும் பனிக்காலத்தைப் பசியிலும் நோயிலும் கழித்தனர். விளைநிலத்தை அழிப்பது போர்க்களத்தில் தோற்கடிப்பதை விட நீண்டகாலப் பயனைத் தரும் என்பதை அப்படைநடத்தியோர் நன்கு அறிந்திருந்தனர்.

1783 இல் பரிஸ் நகரில் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தானது. பிரித்தானியாவுக்காகப் போரிட்ட பூர்வகுடிகளைப் பற்றி அதில் ஒரு சொல்லேனும் இல்லை. அவர்களது நிலம் அவர்களைக் கேளாமலே புதிய குடியரசின் எல்லைக்குள் சேர்க்கப்பட்டது. இச்செய்தி அறிந்த பிராண்ட் கொதித்தெழுந்தார். கியூபெக் ஆளுநர் பிரடெரிக் ஹல்டிமண்ட், மோஹோக் மக்களின் இழப்பை ஈடுசெய்வதாக 1779 இலேயே வாக்களித்திருந்தார். பிராண்டின் விடாமுயற்சியின் விளைவாக 1784 ஒக்டோபர் 25 ஆம் திகதி அவர் ஓர் ஆணையை வெளியிட்டார். மிசிசாகா மக்களிடமிருந்து வாங்கப்பட்ட பகுதியில், கிராண்ட் ஆற்றின் இரு கரைகளிலும் ஆறு மைல் அகலத்துக்கு, முகத்துவாரம் முதல் ஊற்று வரை, என்றென்றும் அனுபவிக்கும் உரிமையை அது ஆறு தேசங்களுக்கு அளித்தது. அந்நிலத்தின் பரப்பு சுமார் 950,000 ஏக்கர். 1785 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கு 1,843 பேர் குடியேறியிருந்தனர்.

நிலம் கிடைத்தது. அதன் உரிமை எத்தகையது என்ற கேள்வி எஞ்சியது. பிராண்டைப் பொறுத்தவரை தம் மக்கள் முடியின் நேசநாட்டினர். விரும்பியவாறு நிலத்தை வைத்திருக்கவும் விற்கவும் வல்ல இறைமை கொண்டவர்கள். மேல் கனடாவின் துணை ஆளுநர் சிம்கோ 1793 இல் வழங்கிய உறுதி, ஊற்றுப்பகுதியைக் குறைத்ததோடு, முடிக்கன்றி வேறெவருக்கும் நிலத்தை விற்கலாகாது எனவும் விதித்தது. தலைவர்கள் அதனை நிராகரித்தனர். வேட்டையாடும் நிலம் சுருங்கிவிட்ட நிலையில், ஒரு பகுதியை விற்று நிலையான வருமானம் தேடுவதே வழி என வாதிட்ட பிராண்ட், 1798 அளவில் பெருமளவு நிலத்தை வெள்ளையருக்குக் கைமாற்ற ஏற்பாடு செய்தார். வாங்கியோர் பலர் முறையாகப் பணம் செலுத்தவில்லை. சொந்த மக்களிடையேயும் அவர்மீது ஐயமும் கண்டனமும் எழுந்தன. இந்தக் கண்டனத்தை முற்றாகப் புறந்தள்ள இயலாது. பிராண்ட் வசதியாக வாழ்ந்தவர். கறுப்பின அடிமைகளையும் வைத்திருந்தார்.

மேற்கிலுள்ள தேசங்களை ஒன்றிணைத்து ஒகாயோ நிலத்தைக் காக்கவும் அவர் முயன்றார். 1792 இல் பிலடெல்பியாவில் வொஷிங்டனைச் சந்தித்தபோது தமக்கு வழங்க முன்வந்த சலுகைகளை ஏற்கவில்லை. 1794 இல் ஃபோலன் ரிம்பர்ஸ் சமரில் தோற்று ஓடிவந்த வீரர்களுக்குப் பிரித்தானியக் கோட்டை தன் கதவுகளை அடைத்தது. நேசநாடு எதுவரை நேசநாடாக இருக்கும் என்பதை அந்த மூடிய கதவு மீண்டும் உணர்த்தியது.

இலண்டனில் 1787 இல் அச்சான மோஹோக் மொழி வழிபாட்டு நூலில் இடம்பெற்ற மாற்கு நற்செய்தி அவரது மொழிபெயர்ப்பாகும். தம் மக்களுக்கு எழுத்தறிவு வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1807 நவம்பர் 24 இல் பேர்லிங்டன் குடாவையடுத்த தம் இல்லத்தில் காலமானார். 1850 இல் அவரது எச்சங்கள் மோஹோக் தேவாலய வளவுக்கு மாற்றப்பட்டன. நம்மவர் பலர் வாழும் ரொறன்ரோவுக்குத் தென்மேற்கே உள்ள பிராண்ட்ஃபோர்ட் நகரம் அவர் பெயரையே தாங்கியுள்ளது.

அந்நகரின் அருகில் உள்ள ஆறு தேசங்களின் ஒதுக்கிடம் இன்று ஏறத்தாழ 46,000 ஏக்கர். ஹல்டிமண்ட் வாக்களித்த நிலத்தில் இது இருபதில் ஒரு பங்கு மட்டுமே. மீதி நிலத்துக்கும் அதன் விற்பனைப் பணத்துக்கும் கணக்குக் கேட்டு 1995 இல் வழக்குத் தொடரப்பட்டது. 2006 இல் கலிடோனியாவில் வீடமைப்புத் தளமொன்றை மறித்து எழுந்த போராட்டமும் இதே வேரில் முளைத்ததாகும்.

பிராண்ட் எடுத்த முடிவுகள் சரியா பிழையா என வரலாற்றாசிரியர்கள் வாதிட்டு வருகின்றனர். வேறு பக்கம் சாய்ந்திருந்தாலும் விளைவு பெரிதும் மாறியிராது. புரட்சியாளருடன் நின்ற ஒனைடா மக்களின் நிலமும் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் நியூயோர்க் மாநிலத்தின் கைக்குப் போயிற்று. வலியவர் இருவர் பொருதும்போது எளியவர் எப்பக்கம் நின்றாலும் உடன்படிக்கை எழுதும் மேசையில் அவருக்கு ஆசனம் இருப்பதில்லை. அம்மேசையில் இடம் கேட்டு வாழ்நாள் முழுவதும் வாதாடியவர் என்பதாலேயே பிராண்ட் நினைவுகூரத் தக்கவர். அவர் கேட்ட கணக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை.