ஹெலன் கெல்லர் எழுதிய தேர்வு

ஹெலன் கெல்லர் அம்மையாரின் கதையை நாம் எல்லோரும் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஒரு கையில் தண்ணீர் விழ, மறு கையில் தண்ணீர் என்ற சொல்லை ஆசிரியை விரலால் எழுத, உலகில் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு என்று அந்தச் சிறுமி உணர்ந்த காட்சி யாருக்குத்தான் மறக்கும்? பெரும்பாலான பாடங்கள் அந்தக் காட்சியோடு நின்றுவிடுகின்றன. அறிவியல் பயிலும் எனக்கு அவருடைய வாழ்வில் வேறொரு காட்சியே பெரிதாகப் படுகிறது. அது ஓர் அல்ஜீப்ராத் தேர்வு.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கம்பியா என்ற ஊரில் 1880-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் ஹெலன் பிறந்தார். பத்தொன்பதாம் மாதத்தில் வந்த நோய் கண்ணையும் காதையும் கொண்டுபோயிற்று. 1887 மார்ச்சில் ஆன் சலிவன் என்ற ஆசிரியை அந்த வீட்டுக்கு வந்தார். அவருக்கு வயது இருபதுதான். அவருடைய கண்களும் நலிந்த கண்களே. அதன்பின் இருவரும் பிரியவில்லை. விரல்களால் உள்ளங்கையில் எழுதும் மொழியே அவர்கள் மொழி.

கல்லூரியில் படிக்கவேண்டும் என்று ஹெலன் உறுதிகொண்டார். கண்ணும் காதும் உள்ள பெண்களோடு போட்டியிட்டு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ராட்கிளிஃப் மகளிர் கல்லூரியிலேயே சேரவேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்காக 1896-இல் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு பெண்கள் பள்ளியில் சேர்ந்தார். வகுப்பில் சலிவன் அருகே அமர்ந்து பாடம் முழுவதையும் கையில் எழுதிக்காட்டுவார்.

1897-இல் முதற்கட்டத் தேர்வு நடந்தது. தட்டெழுத்துப் பொறியின் ஓசை பிறரைத் தொல்லைப்படுத்தும் என்று ஹெலனுக்குத் தனி அறை தந்தார்கள். பள்ளித் தலைவரான கில்மன் வினாத்தாளை அவர் கையில் எழுதிக்காட்டினார். விடைகளை அவர் பொறியில் அடித்தார். அடித்ததைக் கில்மன் மீண்டும் கையில் படித்துக்காட்ட, வேண்டிய திருத்தங்களைச் சொன்னார். ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் சிறப்புத் தகுதி பெற்றுத் தேறினார். இதில் அவருக்கு யார் சலுகை காட்டினார்கள்? வினா அவரைச் சென்றடைந்தது, விடை அவரிடமிருந்து வந்தது, அவ்வளவுதான்.

கணக்குதான் கடினமாயிற்று. கரும்பலகையில் வரையும் வடிவங்களைக் காண வழியில்லை. ஒரு மெத்தைத் திண்டின்மேல் நேர்க்கம்பிகளையும் வளைந்த கம்பிகளையும் பதித்து முக்கோணமும் வட்டமும் அமைத்துத் தடவிப் பார்த்து வடிவியல் கற்றார். இதற்கிடையே படிப்புச் சுமையைப் பற்றிக் கில்மனோடு கருத்து வேற்றுமை எழவே, பள்ளியை விட்டுத் தனி ஆசிரியரிடம் பயின்றார்.

1899 ஜூன் இறுதியில் கடைசிக்கட்டத் தேர்வு. இம்முறை சலிவன் வினாத்தாளைப் படித்துக்காட்டக்கூடாது என்று கல்லூரியார் கூறிவிட்டனர். ஐயத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்று எண்ணினார்கள் போலும். பார்வையற்றோர் பள்ளி ஆசிரியரான வைனிங் என்பவர் வினாத்தாளை அமெரிக்கப் பிரெய்லில் எழுதித் தருவது என்று முடிவாயிற்று. அவருக்கும் ஹெலனுக்கும் முன்பழக்கம் இல்லை. அவருக்கு விரல்மொழியும் தெரியாது.

மொழிப்பாடங்களில் இடையூறு இல்லை. ஆனால் அந்நாளில் ஆங்கிலப் பிரெய்ல், அமெரிக்கப் பிரெய்ல், நியூயார்க் புள்ளியெழுத்து என்று மூன்று முறைகள் வழங்கின. எழுத்துகளை மூன்றிலும் அவர் அறிவார். கணக்குக் குறிகளோ ஒவ்வொன்றிலும் வேறு. அல்ஜீப்ராவில் அவர் பழகியிருந்தது ஆங்கில முறை ஒன்றே. தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு பழைய ஹார்வர்டு வினாத்தாள் ஒன்று அமெரிக்கக் குறிகளில் வந்தபோதுதான் இந்த இடர் தெரிந்தது! உடனே கடிதம் எழுதிக் குறிகளின் அட்டவணையை வரவழைத்தார். தேர்வுக்கு முன்னிரவிலும் அடைப்புக்குறிகளும் மூலக்குறியும் பிடிபடாமல் தத்தளித்தார். காலையில் முன்னதாகவே சென்று வைனிங்கிடம் மேலும் விளக்கம் கேட்டுக்கொண்டு தேர்வில் அமர்ந்தார். தேறவும் செய்தார்.

அன்று அங்கே அளக்கப்பட்டது எது? அல்ஜீப்ராவா, இரண்டு நாளில் ஒரு புதிய குறிமுறையை மனப்பாடம் செய்யும் திறனா?

நூற்றாண்டுக்கு முந்தைய கதை என்று நான் இதைத் தள்ளிவிட முடியவில்லை. 2018-இல் இந்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பார்வையற்ற மாணவர் தாமே அழைத்துவரும் எழுதுநர் அவரைவிட ஒரு படி குறைந்த படிப்புடையவராக இருக்கவேண்டும் என்று கூறின. முறைகேடு தடுக்கும் நோக்கம் விளங்குகிறது. ஆனால் என் வகுப்பு நண்பர் ஒருவர், தொகையீட்டுக் குறியை முன்பின் கண்டிராத எழுதுநரிடம், நீண்டு வளைந்த ஒரு கோடு போடு, அதன் காலடியில் சுழி எழுது என்று சொல்லிச் சொல்லித் தேர்வு நேரத்தில் பாதியைச் செலவிட்டார். கூடுதலாகத் தந்த நேரம் அதிலேயே கரைந்தது. எனக்குக் குறிகள் தெரியும். அதனாலேயே நான் அவருக்கு எழுதமுடியவில்லை. அன்று மாலை சிற்றுண்டிச்சாலையில் அவர் சிரித்துக்கொண்டேதான் இதைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1900-இல் ஹெலன் ராட்கிளிஃபில் சேர்ந்தார். புள்ளியெழுத்தில் கிடைத்த பாடநூல்கள் சிலவே. மற்றவற்றைச் சலிவன் தம் நலிந்த கண்களால் படித்துக் கையில் எழுதினார். கல்லூரியில் இருந்தபோதே, 1903-இல், தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார் ஹெலன்; தேர்வுகளின் கதையெல்லாம் அதில் உள்ளது. 1904-இல் சிறப்புடன் பட்டம் பெற்றார். கண்ணும் காதும் இழந்த ஒருவர் இளங்கலைப் பட்டம் பெற்றது அதுவே முதல்முறை. நான்காண்டு பாடம் முழுவதையும் கூடவே படித்த சலிவனுக்குப் பட்டம் இல்லை.

பின்னர் அம்மையார் உலகெங்கும் சென்று பார்வையற்றோருக்காகப் பேசினார். புள்ளியெழுத்துகளின் குழப்பமும் மெல்லத் தீர்ந்தது. 1932-இல் இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஒரே ஆங்கிலப் பிரெய்லை ஏற்றன. நம் நாட்டு மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் 1951-இல் வந்தது. அம்மையார் 1955-இல் இந்தியாவுக்கு வந்தார். அதே ஆண்டு ஹார்வர்டு அவருக்குச் சிறப்புப் பட்டம் அளித்தது. அப்பல்கலைக்கழகத்தின் சிறப்புப் பட்டம் பெற்ற முதற்பெண் அவரே.

சலிவன் 1936-இல் மறைந்தார். 1968 ஜூன் முதல் நாள் ஹெலன் மறைந்தபோது, வாஷிங்டன் பேராலயத்தில் சலிவனின் சாம்பல் இருந்த இடத்திலேயே அவருடைய சாம்பலையும் வைத்தார்கள்.