இரைச்சலை ஆராய்ந்த மேதை: நோபேட் வீனர்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிசூரி மாநிலத்தில் 1894-ஆம் ஆண்டு நவெம்பர் 26-ஆம் நாள் நோபேட் வீனர் பிறந்தார். ஹாவட் பல்கலைக்கழகத்து மொழிப் பேராசிரியரான தந்தையாரே அவர்க்கு ஆசானுமாயினார். எட்டு வயதிற் கண்பார்வை குன்றவே, ஆறு மாதம் நூலைத் தொடலாகாதென வைத்தியர் விதித்தார். தந்தையாரோ பாடங்களை நிறுத்தினாரல்லர். மைந்தர் கணக்குகளை மனத்திலேயே செய்யப் பழகினார். 14 வயதிற் பட்டதாரியானார். 18 வயதிற் கலாநிதியானார். இவ்வேகத்தை நம் மாணவர்க்கு யாம் விதந்துரையோம். அவ்விளமை அவருக்குத் துன்பமும் தந்தது.

1919 முதல் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்திற் கணிதம் கற்பித்தார். இரண்டாம் உலகப் போரின்போது, பகை விமானம் அடுத்து எங்கே செல்லுமென முன்னறியும் முறையை ஆராய்ந்து, 1942-இல் இரகசிய அறிக்கை வரைந்தார். அதன் கடுங்கணிதத்துக்கு அஞ்சிய பொறியியலாளர், மஞ்சள் அட்டையைக் கண்டு அதற்கு மஞ்சள் ஆபத்தெனப் பெயரிட்டனர். அணுக்குண்டின் கொடுமையைக் கண்டபின், 1946-இல் ஏவுகணை ஆராய்ச்சியாளர் ஒருவர் அவ்வறிக்கையின் பிரதியை வேண்டியபோது அவர் கொடுக்க மறுத்தார். 1949-இல் அது நூலாக வெளிவந்தது.

அந்நூலின் பெரும்பயன் மண்ணுக்குள்ளே விளைந்தது. எண்ணெய் தேடுவோர் நிலத்தைத் துளைத்து வெடிவைப்பர். அதிர்வு ஆழத்துப் பாறைப் படைகளிற் பட்டுத் தெறித்து மீளும். நிலத்தில் வரிசையாக நாட்டிய உணர்கருவிகள் அதனை நெளிகோடுகளாகப் பதியும். காற்றும் வண்டியோட்டமும் நிலமேற்பரப்பில் ஓடும் அலைகளும் அதனோடு கலந்துவிடுதலால், பல பதிவுகள் விளங்காதனவாயின. 1950-களின் தொடக்கத்தில் அக்கழகத்து மாணவர் எண்டேர்ஸ் றொபின்சன், அக்கோடுகளின் உயரங்களை எண்களாக்கி வீனரின் முறையைப் பிரயோகித்தார். கோட்டின் முற்பகுதியிலிருந்து முன்னறியத்தக்கதைக் கழித்தால், எஞ்சுவது புதுவரவு. பாறையின் தெறிப்பு அதிலே துலங்கும். இன்று கணினி நொடியிற் செய்வதை, அன்று மேசைக் கணிப்பொறியில் எண் எண்ணாகச் செய்தனர்.

வடித்து நீக்கிய இரைச்சலும் வீணன்று. அதனைத் தனியே வரைந்து நோக்கின், பதிவிலுள்ள குறைகள் வெளிப்படும். அமெரிக்காவிற் செக்கனுக்கு 60 முறை ஆடும் மின்னோட்டத்தின் சாயல் ஒரு கோட்டில் மாத்திரம் காணப்படின், அதற்குரிய கம்பியைச் சோதித்தல் வேண்டும். ஒரு கோடு அயற்கோடுகளோடு சற்றும் ஒவ்வாதெனின், உணர்கருவி மண்ணிற் செவ்வனே ஊன்றப்படவில்லையோவென ஐயுறலாம். நீக்கியதிற் பாறைத் தெறிப்பின் சாயல் தெரியின், குற்றம் வடித்தவருடையதே. ஆய்கூடத்தில் ஒவ்வாத அளவீட்டை அழித்துவிடும் மாணவர் இதனைக் கருதுவாராக.

வீனர் 1964-ஆம் ஆண்டு சனவரியில் ஐக்கிய நாட்டின் தேசிய விஞ்ஞானப் பதக்கத்தைப் பெற்றார். அவ்வாண்டு மார்ச் 18-ஆம் நாள் சுவீடன் தலைநகரிற் காலமானார்.