மர எலி தந்த மேதை

கம்ப்யூட்டர் திரையில் அம்புக்குறியை ஓட்டும் "மவுஸ்" கருவியைக் கண்டுபிடித்தவர், டக்ளஸ் எங்கல்பார்ட்.

இவர் 1925-ம் ஆண்டு அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரில் பிறந்தார். 9 வயதில் தந்தையை இழந்தார். கடற்படையில் ராடார் வேலை கற்றார். ராடாரைப் போல கம்ப்யூட்டருக்கும் திரை வைக்கலாமே என்று பின்னர் எண்ணினார்.

1964-ல் அவர் யோசனைப்படி, பில் இங்கிலீஷ் என்ற என்ஜினீயர் மரத்தில் முதல் மவுசைச் செய்தார். அடியில் 2 சக்கரங்கள். ஒன்று பக்கவாட்டு நகர்வை அளக்கும். மற்றது முன்னும் பின்னும் நகர்வதை அளக்கும். கை போன வழியே திரையில் குறியும் போகும். வேண்டிய இடத்தில் பொத்தானை அமுக்கினால் போதும்.

1968 டிசம்பர் 9-ந் தேதி, சான்பிரான்சிஸ்கோவில் அதை இயக்கிக் காட்டினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

காப்புரிமையோ, அவர் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்துக்குச் சொந்தம். உலகமே மவுசைப் பிடித்தது. அவருக்கு ராயல்டி கிடைக்கவில்லை.

2013-ல், 88-வது வயதில் காலமானார்.