சொன்ன சொல்லைத் தாமே மறுத்த மருத்துவர்

வன்னிப் பெருநிலத்தின் கதையை எழுதப் புகுவோர் குளங்களையும் காடுகளையும் பற்றி எழுதுவர். காய்ச்சலை எழுதாமலும் தீராது. மலேரியாவினால் மெலிந்த ஊர்கள் அங்கே பல. இலங்கை அந்நோயினின்றும் விடுபட்டதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016 ஆம் ஆண்டிலேதான். அக்காய்ச்சலுக்கு நம் முன்னோர் விழுங்கிய கசப்பு மருந்து கொயினா. சின்கோனாப் பட்டையின் சாரம் அது. அப்பட்டையை 1790 இல் ஜெர்மனியரான ஹானிமன் நோயின்றியே உண்டு, காய்ச்சற் குறிகள் தம் உடலில் தோன்றக் கண்டார். நோயை ஒத்த குறிகளைத் தோற்றுவிக்கும் பொருளே அந்நோயைத் தீர்க்கும் என்னும் ஹோமியோபதிக் கொள்கை இவ்வாறு பிறந்தது.

அக்கொள்கையின் பொருட்டுத் தம் பெயரையும் பிழைப்பையும் பணயம் வைத்தவர் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார். 1833 இல் கல்கத்தாவுக்கு அணித்தான பைக்பாரா என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்து, மாமன்மார் ஆதரவில் வளர்ந்தார். 1863 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டம் பெற்றார், அதனைப் பெற்றவர்களுள் இவர் இரண்டாமவர்.

பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் வங்கக் கிளை தொடங்கியபொழுது, ஹோமியோபதியை வன்மையாகக் கண்டித்துப் பேசியவர் இவரே. பின்னர் அம்முறை பற்றிய நூலொன்றுக்கு மதிப்புரை எழுத நேர்ந்தது. காணாததைக் கண்டித்தல் முறையன்று எனக் கருதி, ராஜேந்திர தத்தர் மருந்தளித்த நோயாளரை நேரிற் சென்று பார்த்து வந்தார். பார்த்தது அவர் எண்ணத்தை மாற்றியது. 1867 பெப்ரவரி 16 ஆம் நாள், அதே சங்கத்தின் கூட்டத்திலே தம் மனமாற்றத்தை எழுந்து கூறினார். சங்கம் அவரைப் புறந்தள்ளியது, நோயாளரும் விலகினர். ஆயினும் அவர் தளரவில்லை. மறு ஆண்டே மருத்துவ இதழொன்றைத் தொடங்கினார்.

அவர் கண்டது யாது? அக்காலத்துப் பெருவைத்தியம் குருதியை வடித்தது. பேதி மருந்தும் பாதரசமும் மிகுதியாகப் புகட்டியது. நுண்ணளவு மருந்தோ உடலுக்குத் தீங்கு செய்யவில்லை. அந்த வேறுபாட்டின் பெரும்பங்கு, செய்யாது விட்ட கேட்டினால் வந்த நன்மை என்றே கொள்ளத் தகும். ஹோமியோபதியின் குணத்துக்கு நம்பத்தகுந்த சான்று கிடைக்கவில்லை என்று ஆஸ்திரேலிய மருத்துவ ஆய்வுப் பேரவை 2015 இல் முடிவுகட்டியது. மலேரியாவை வெல்ல உதவியதும் நுண்ணளவன்று. கொயினா முதலியவற்றின் முழு அளவே.

எனினும் சர்க்காரின் வாழ்வு வீண்போகவில்லை. கண்டறிந்து சோதிக்கும் பழக்கம் நம்மவரிடை வேரூன்ற வேண்டுமென்று 1876 இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். அது தாம் விரும்பிய அளவு வளரவில்லையே என்ற ஏக்கத்துடன் 1904 இல் மறைந்தார். மூன்றாண்டு கழித்து, திருச்சிராப்பள்ளியிற் பிறந்த இளைஞர் ஒருவர் அலுவலக வேலை முடிந்த மாலைகளில் அக்கழகத்துக்குள் நுழைந்தார். அவர் சி. வி. இராமன். 1928 இல் உலகம் வியந்த ஒளிச்சிதறலை அவர் கண்டது அங்கேதான்.

சர்க்கார் தேர்ந்த மருந்து காலத்தின் சோதனையில் நிற்கவில்லை. அச்சோதனைக்கென அவர் கட்டிய கூடம் நின்றது.