கிட்டிக் கொடுமையை எதிர்த்த வணிகர்

செட்டியார் என்றதும் கண்டனூர், காரைக்குடிப் பக்கத்திலிருந்து பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன நகரத்தார்தான் நம் நினைவுக்கு வருவார்கள். கஜுலு லட்சுமிநரசு செட்டியார் அவர்களில் ஒருவர் அல்ல. அவர் சென்னைப் பட்டணத்து வணிகர். 1806-ம் ஆண்டில் பிறந்தவர். துணி வியாபாரமும் அவுரி வியாபாரமும் அவருக்குப் பெருஞ்செல்வத்தைத் தந்தன.

அப்போது நடந்தது கும்பெனி ஆட்சி. கவர்னரை எதிர்த்து வாய் திறக்கவே ஜனங்கள் அஞ்சினார்கள். செட்டியார் அஞ்சவில்லை. 1844-ல் 'கிரசென்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். கிரசென்ட் என்றால் பிறைச் சந்திரன். அதற்கு ஓர் ஆங்கிலேயரையே ஆசிரியராக வைத்தார். கெட்டிக்கார வணிகர் அல்லவா!

1852-ல் சென்னை சுதேசி சங்கத்தை நிறுவினார். அதன் மனு கடல் கடந்து லண்டன் பார்லிமெண்டுக்குப் போயிற்று.

அந்த நாளில் வரி கட்ட முடியாத குடியானவன் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. விரல்களைக் கிட்டியில் வைத்து நெரிப்பார்கள். தலையையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனிய வைத்து, வெயிலில் நிறுத்துவார்கள். மழை பொய்த்து வயல் காய்ந்தாலும் வரி மட்டும் காய்வதில்லை. கொடுமை செய்தவர்களோ வெள்ளைக்காரர்கள் அல்ல. அவர்களிடம் சம்பளம் வாங்கிய நம்மவர்களே!

1853-ல் டான்பி சீமோர் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் சென்னைக்கு வந்தார். செட்டியார் அவரை வெளியூர்களுக்கு அழைத்துச் சென்றார். குடியானவர்களின் துயரத்தை நேரில் காணச் செய்தார். சீமோர் சீமைக்குத் திரும்பினார். மறு ஆண்டு பார்லிமெண்டில் இதைக் கிளப்பினார். அங்கே இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். உடனே விசாரணைக் கமிஷன் அமைந்தது. சித்திரவதை நடப்பது உண்மை என்று 1855-ல் அந்தக் கமிஷனே அறிக்கை கொடுத்தது. வரி வசூலிக்கும் கையிலேயே போலீஸ் அதிகாரமும் இருந்ததுதான் வினை. 1859-ல் புதிய போலீஸ் சட்டம் வந்தது.

1863-ல் சென்னை சட்டசபையில் அவருக்கு நியமன ஸ்தானம் கிடைத்தது. அதுவும் சில காலந்தான். அந்தச் சபையில் கேள்வி கேட்கக்கூட உரிமை கிடையாது. வெளியே இருந்துகொண்டு அவர் சாதித்ததே அதிகம் என்று சொல்ல வேண்டும்.

பத்திரிகைக்கும் மனுக்களுக்கும் கைப்பணம் கரைந்துகொண்டே போயிற்று. 1868-ல் அவர் ஏழையாகக் காலமானார். அதன் பிறகு சங்கமும் மெல்ல மெல்ல அடங்கிவிட்டது.