கல்பாக்கம் அணுமின் நிலையம்: ஹோமி பாபா பார்க்காமலே போன முதலீடு!

மாமல்லபுரம் தாண்டி ஈசிஆரில் தெற்கே போனால் கல்பாக்கம். அங்குள்ள அணுமின் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் திட்டம் ஹோமி பாபாவுடையது.

1909-ல் மும்பையில் பிறந்தவர். டாடா இரும்பாலைக்கு ஒரு இன்ஜினியர் கிடைப்பார்னுதான் வீட்டில் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினாங்க. அவரோ இன்ஜினியரிங் முடித்துவிட்டு இயற்பியல் பக்கம் போய்விட்டார். 1939-ல் விடுமுறைக்கு வந்தவரை உலகப்போர் இங்கேயே நிறுத்தியது. 1948-ல் அணுசக்தி ஆணையத்தின் முதல் தலைவர். 1954-ல் மூன்று கட்ட அணுமின் திட்டத்தை முன்வைத்தார்.

ஏழை நாட்டுக்கு இது பெரிய பந்தயம்தான். சாலை, இயந்திரம், மின்நிலையம் என பல வருஷம் உழைக்கும் சொத்துகளுக்குச் செலவாவதுதான் நிலையான மூலதன முதலீடு. இன்று இந்தியாவின் ஜிடிபியில் 100 ரூபாய்க்கு சுமார் 30 ரூபாய் இந்தக் கணக்கில் வருகிறது. கட்டும்போதே செலவு கணக்கில் ஏறிவிடும், பலனுக்குக் காத்திருக்கணும்.

எவ்வளவு காலம்? கல்பாக்கத்தில் முதல் உலையின் கட்டுமானம் தொடங்கியது 1971-ல். வணிக ரீதியில் மின்சாரம் வந்தது 1984-ல். 13 வருஷம்!

பாபா அதைப் பார்க்கவில்லை. 1966 ஜனவரி 24-ல், ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் சிகரத்தில் ஏர் இந்தியா விமானம் மோதி இறந்தார். வயது 56. இயற்கை யுரேனியத்தில் ஓடும் கல்பாக்கத்தின் அந்த உலை, அவர் திட்டத்தில் முதல் கட்டம் மட்டுமே. மூன்றாம் கட்டமான தோரியம் மின்சாரத்துக்கு நாடு இன்னும் வந்து சேரவில்லை.