என்ன அது? – இவான் பாவ்லோவ் கதை

பரீட்சை ஹாலில் யாரோ கதவைத் தடாலென்று சாத்த, எழுதிக்கொண்டிருந்த ஃபார்முலா மறந்து போன அனுபவம் உண்டா? கவலையை விடுங்கள். இதே தொல்லையால் ஒரு பெரிய மேதையின் ஆராய்ச்சியே ஆட்டம் கண்டிருக்கிறது!

அவர்தான் இவான் பாவ்லோவ். ரஷ்யாவின் ரியாசான் நகரில் 1849-ல் ஒரு பாதிரியார் மகனாகப் பிறந்தார். சின்ன வயதில் உயரமான இடத்திலிருந்து விழுந்து அடிபட்டதால் 11 வயதில்தான் பள்ளிக்கூடம் போனார். சமயப் படிப்பைப் பாதியில் விட்டு, 1870-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஜீரணம் பற்றிய ஆராய்ச்சிக்கு 1904-ல் நோபல் பரிசு!

சத்தம் கேட்டதும் நாய்க்கு எச்சில் ஊறிய கதை எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு வேடிக்கை உண்டு. உதவியாளர் நாயை நன்றாகப் பழக்கிவிட்டு, பெருமையாக ஐயாவைக் கூட்டி வருவார். பாவ்லோவ் உள்ளே நுழைந்ததும் நாய் காதை நிமிர்த்தி அவரையே பார்க்கும். எச்சில் ஒரு சொட்டுகூட வராது! உதவியாளர் முகத்தில் அசடு வழியும். வைவாவில் நம்ம நிலைமை மாதிரிதான்.

வேறொருவராயிருந்தால் நாயைத் திட்டியிருப்பார். பாவ்லோவ் யோசித்தார். எதிர்பாராத சத்தம் வந்தால் செய்கிற வேலையை நிறுத்தி, அந்தப் பக்கம் திரும்பி, என்ன அது என்று பார்ப்பது பிறவியிலேயே வரும் அனிச்சைச் செயல் என்று கண்டார். இது இல்லாத மிருகம் காட்டில் பிழைக்காது. அதே சத்தம் மறுபடி மறுபடி வந்தால் மூளை கண்டுகொள்வதில்லை.

ஆனாலும் ஆராய்ச்சிக்கு அமைதி வேண்டுமே? மௌன கோபுரம் எழும்பியது. சிவில் நண்பர்கள் கவனிக்க! சுற்றிலும் அகழி, மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே ஒரு தடுப்புத் தளம், நாய்க்கும் ஆராய்ச்சியாளருக்கும் தனித்தனி அறை, இடையில் சத்தம் புகாத சுவர்.

1924-ல் லெனின்கிராடில் பெருவெள்ளம். நாய்களை நீந்த வைத்துத்தான் காப்பாற்றினார்கள். பழக்கியதெல்லாம் சிலவற்றுக்கு மறந்தே போனது. பிறகு ஒருநாள் கதவடியில் கொஞ்சம் தண்ணீர் கசிய, ஒரு நாய் நடுநடுங்கிப் போனது. அதிர்ச்சி மூளையில் எவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்று பாவ்லோவ் அதில் பாடம் படித்தார்.

1936-ல் தமது 86-வது வயதில் அவர் மறைந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தொடர்ந்தார்கள். ஒரே மாதிரி வரும் ஒலிகளுக்கு நடுவே ஒன்று மாறினால், நாம் கவனிக்காவிட்டாலும் மூளை ஏறக்குறைய 0.1 முதல் 0.25 விநாடிக்குள் மின்குறி காட்டுகிறது என்று பின்லாந்தின் ரிஸ்டோ நாட்டனென் குழுவினர் 1978-ல் வெளியிட்டார்கள்.

இந்த அறிவுக்காக எத்தனையோ நாய்கள் கத்தியின் வலியைத் தாங்கின. பாவ்லோவ் அதை மறக்கவில்லை. 1935-ல் அவருடைய ஆய்வுக்கூடத் தோட்டத்திலேயே நாய்க்கு ஒரு நினைவுச் சின்னம் எழுந்தது.

நண்பர்களே, லேபில் ரீடிங் தப்பாக வந்தால் உடனே அழித்து எழுதாதீர்கள். ஒரு நிமிடம் நின்று, என்ன அது என்று பாருங்கள்!